முந்திரிகைப் பந்தலில் தொங்கிய தலை

முதலில் வந்தது மணம். மயிலிட்டித் துறைமுகத்தில் ஐஸ் பெட்டி ஏற்றிக்கொண்டிருந்தேன். காலை ஒன்பது மணி இருக்கும். மீன், டீசல், ஈரக் கயிறு என்று அந்த இடத்துக்கு உரிய மணங்கள் எல்லாம் இருந்தன. அவற்றை மேவிக்கொண்டு ஒரு பதுங்குகுழியின் மணம் வந்தது. ஈரச் சாக்கு, செம்மண், புதிதாகத் தறித்த பனங்குற்றி, மண்ணெண்ணெய் விளக்கு. குழிக்குள் இருந்து பழகியவர்களுக்கு அதற்கு மேல் விளக்கத் தேவையில்லை.

மணத்தோடு ஒரு நிச்சயமும் வந்தது. யாரோ ஒருவர் இப்போதுதான் தண்ணீர் எடுக்க வெளியே போயிருக்கிறார். இன்னும் திரும்பவில்லை. என் வலப்பக்கத்தில் அவர் இருந்த இடம் இன்னும் சூடாக இருக்கிறது. அவர் வரமாட்டார் என்பது எனக்குத் தெரியும், மற்றவர்களுக்குத் தெரியாது.

அரை நிமிடம்தான். பிறகு எல்லாம் போய்விட்டது. நான் வலப்பக்கம் திரும்பித் திரும்பிப் பார்த்திருக்க வேண்டும். பெட்டியின் மறுமுனையைப் பிடித்திருந்தவன், "என்னண்ணை, ஆரைத் தேடுறியள்?" என்று கேட்டான். பதில் சொல்ல வாயைத் திறந்தேன். ஒரு சொல்லும் வரவில்லை. கையில் பிடித்திருந்த பொருளின் பெயர்கூட வரவில்லை. அதைத் தூக்கும்படி கண்ணால் காட்டினேன்.

"விடியவே போட்டாச்சுப் போலை," என்று அவன் சிரித்தான்.

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஒரு வேலையில் ஒரு வருடத்துக்கு மேல் நின்றதில்லை. கொழும்பில் லொறிக்கு ஏறினேன். கட்டாரில் ஒரு பெரிய சமையலறையில் வெங்காயம் உரித்தேன். அங்கிருந்து எப்படியோ சுவிசுக்குப் போய்ச் சேர்ந்தேன். ஏஜென்சிக்காரன் தந்த கடவுச்சீட்டில் வேறொருவனுடைய பெயரும் வேறொருவனுடைய பிறந்த நாளும் இருந்தன. விசாரணையில் அதையே சொன்னேன். எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள். சில வருடங்களில் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் தூக்கத்திலும் எழும்புவேன்.

அங்கே ஓர் உணவகத்தின் பின்புறத்தில் கோப்பை கழுவும்போது ஒரு கோப்பை இரண்டாகத் தெரியத் தொடங்கியது. ஒரு மாதம் யாருக்கும் சொல்லாமல் இரண்டில் எது உண்மையானது என்று கையால் தடவிப் பார்த்துக் கழுவினேன். பிறகு படிக்கட்டில் விழுந்தேன். தலையைப் படம் எடுத்தார்கள். இரண்டு கண்களுக்கும் பின்னால், மண்டையோட்டின் அடி எலும்பிலிருந்து ஒரு கட்டி வளர்ந்திருந்தது. மூக்கு வழியாகக் கருவி விட்டு எடுக்கக்கூடியதை எடுத்தார்கள். எட்டாத மிச்சத்தைப் புரோத்தன் கதிரால் எரிக்க வேண்டும் என்றார்கள்.

மொழிபெயர்க்க ஒரு தமிழ்ப் பெண் வந்தார். "சாதாரணக் கதிர் தலைக்குள்ளாலை போய் மற்றப் பக்கத்தாலை வெளியிலை போயிடும்," என்றார். "இது சொன்ன இடத்திலை நிக்கும்."

"நிண்டாப் பிறகு என்ன செய்யும்?"

அவர் டொக்டரிடம் கேட்டார். டொக்டர் நீளமாகச் சொன்னார். அவர் சுருக்கினார். "நிக்கிற இடத்திலை தன்ரை பலம் முழுக்கக் கொட்டிப்போட்டு முடிஞ்சிடுமாம். கட்டிக்கு அங்காலை கொஞ்சம் நல்ல மூளையும் இருக்காம். அதிலையும் கொஞ்சம் படலாமாம். பட்டால் இப்ப தெரியாது. வருசக் கணக்கிலை போய்த்தான் தெரியுமாம். சம்மதமெண்டா கையெழுத்து வையுங்கோ."

வைத்தேன், அந்த வேறொருவனின் பெயரில்.

ஏழு வாரம், சனி ஞாயிறு தவிர. முகத்துக்கு அளவெடுத்த வலை மூடியைப் போட்டு மேசையோடு பூட்டுவார்கள். பல்லுக்கு ஓர் அச்சைக் கடிக்கக் கொடுப்பார்கள். கதைக்க முடியாது. நோவு கிடையாது. ஓர் இயந்திரம் பெருமூச்சு விடுவது போலச் சத்தம் கேட்கும், அவ்வளவுதான். முடிந்ததும் எழுந்து பேருந்தில் போய்க் கோப்பை கழுவுவேன்.

கட்டி அடங்கியது. கோப்பை ஒன்றாகத் தெரிந்தது. ஆனால் அகதிக் கோரிக்கை மூன்றாம் முறையும் நிராகரிக்கப்பட்டது. எனக்கும் அந்த ஊர் போதும் போல இருந்தது. கிளம்பும்போது ஆசுப்பத்திரியில் ஒரு கடிதமும் ஒரு சீடியும் தந்தார்கள். என் தலைக்குள் எந்த வழியாகக் கதிர் போனது, எங்கே நின்றது, எவ்வளவு கொட்டியது என்பதெல்லாம் அதில் இருக்கிறது, தொலைத்துவிடாதே என்றார்கள். உரும்பிராயில் அக்கா வீட்டில் பையை வைத்துவிட்டு அடுத்த கிழமையே புத்தளத்து உப்பளத்துக்கு வேலைக்குப் போனேன். பிறகு மன்னார். பிறகு மயிலிட்டி. நினைத்தால் அக்கா வீட்டுக்கு வந்து இரண்டு நாள் படுத்திருப்பேன்.

இப்போது மணம். கிழமைக்கு ஒருதரம், பிறகு நாளுக்கு ஒருதரம். ஒவ்வொரு முறையும் அதே குழி, அதே விளக்கு, தண்ணீர் எடுக்கப் போன அதே ஆள். முகம் தெரியாது. ஆணா பெண்ணா என்றும் தெரியாது. மணம் போன பிறகு துக்கம் மட்டும் கொஞ்ச நேரம் நிற்கும். யாருக்காக என்று தெரியாத துக்கத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது. ஐஸ் பெட்டியைத் தூக்குவேன்.

ஒரு நாள் இறங்குதுறையில் விழுந்து கை கால் இழுத்திருக்கிறது. கண் விழித்தபோது ஆசுப்பத்திரியில் இருந்தேன். நாக்கில் இரத்தம்.

எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். படம் பார்க்கும் டொக்டர் ஒரு பெண். என்னைவிடப் பத்து வயது குறைவாக இருக்கும். என்னை உள்ளே கூப்பிட்டு இருத்தினார்.

"முந்தி கதிர் அடிச்சவையோ?"

"ஓம், சுவிசிலை."

"என்ன கதிர்?"

"நிக்கிற கதிர்."

அவர் திரும்பிப் பார்த்தார். "புரோத்தனோ?"

"ஓம்."

திரையை என் பக்கம் திருப்பினார். இடக் காதுக்கு உட்புறமாக ஒரு வெள்ளை வளையம். நடுவில் கறுப்பு. சுற்றிவர, மழைக்கு ஊறிய சுவர் போல ஒரு பரவல்.

"மருந்து ஏத்தினாப் பிறகு உது பளிச்செண்டு வெள்ளையா வருது. பழைய கட்டி திரும்பி வந்து மூளைக்குள்ளை ஏறினாலும் உப்பிடி வரும். கதிராலை வந்த காயமெண்டாலும் உப்பிடி வரும். படத்திலை ரெண்டுக்கும் ஒரே முகம்."

"எப்பிடிப் பிரிக்கிறது?"

"திறந்து ஒரு துண்டு எடுத்துப் பாக்கலாம். அதைத்தான் சத்திரசிகிச்சை டொக்டர் சொல்லுறார்."

சத்திரசிகிச்சை டொக்டர் பிற்பகல் வந்தார். அவருக்குக் காத்திருக்க விருப்பமில்லை. கட்டி என்றால் ஒவ்வொரு கிழமையும் நட்டம் என்றார். மூன்று கிழமையில் ஒரு வியாழக்கிழமையைக் குறித்தார். அது இடப்பக்கம் என்பதால் கதைக்கும் இடத்துக்குப் பக்கம் என்றும், சொற்கள் போகலாம் என்றும், கொஞ்சமோ கூடவோ இப்போது சொல்ல முடியாது என்றும் சொன்னார். அவர் ஒளிக்கவில்லை. அதற்காக அவரில் எனக்குக் குறையில்லை.

ஆனால் என்னிடம் சொத்து என்று இருந்தது சொற்கள்தான். காணி இல்லை, சான்றிதழ் இல்லை. லொறியில் பிடித்த சிங்களம், வெங்காயத்தோடு உரித்த அரபு, கோப்பையோடு கழுவிய அரைகுறை ஜேர்மன். எந்த ஊரில் இறங்கினாலும் மாலைக்குள் ஒரு வேலையும் ஒரு படுக்கையும் கதைத்தே எடுத்துவிடுவேன். வாய் போனால் நான் எங்கே இறங்குவது.

அடுத்த நாள் படம் பார்க்கும் டொக்டரிடம் போனேன். "வேற வழி ஒண்டும் இல்லையோ?"

"கதிர் போட்ட வரைபடம் இருந்தா ஒரு வழி இருக்கு. கதிர் எங்கை நிண்டது எண்டு அதிலை நிறம் நிறமா இருக்கும். இந்த வெள்ளை அது நிண்ட இடத்திலை விழுந்தா அனேகமாக் காயம். விலத்தி நிண்டா கட்டி எண்டுதான் யோசிக்கவேணும். நூறு வீதம் எண்டு சொல்லமாட்டன். ஆனா கத்தியைத் தள்ளி வைக்கச் சொல்லி நான் கேக்கிறதுக்கு அது காணும். அங்கை எழுதி எடுப்பிக்கேலாதோ?"

"ஏலாது டொக்டர்."

"ஏன்?"

"அங்கை நான் வேற ஆள்."

பெயரையும் பிறந்த நாளையும் பற்றிச் சொன்னேன். இப்போதைய அடையாள அட்டையோடு எழுதினால், அப்படி ஒருவரை எங்களுக்குத் தெரியாது என்றுதான் பதில் வரும். அவர் பேனாவை மூடினார்.

"அப்ப உங்கடை தலை வேற ஒராளின்ரை பேரிலை சுவிசிலை கிடக்கு."

"ஓம். ஆனா ஒரு சீடி தந்தவை. அக்கா வீட்டிலை கிடக்கு."

"வியாழக்கிழமைக்கு முந்திக் கொண்டு வாங்கோ."

அக்கா வீட்டுக்குப் போனபோது அத்தான் கிணற்றடியில் மோட்டருக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். அத்தான் உரும்பிராய்க்காரர், தோட்டக்காரர். நாங்கள் மயிலிட்டியை விட்டு ஓடி வந்த வருடம் அவருடைய காணியில்தான் கொட்டில் போட்டோம். குழியும் அந்தக் காணியில்தான் வெட்டினோம். செல் குண்டு அடிக்கிற நேரங்களில் அவரும் அவருடைய தாயும் தமையனும் எங்களோடு அதே குழிக்குள் இருந்தார்கள். கடற்கரைப் பெட்டைக்கும் தோட்டக்காரப் பெடியனுக்கும் கலியாணம் என்றால் ஊர் ஒத்துக்கொள்ளாத காலம். குழிக்குள் அந்தச் சாதிக் கணக்கை யாரும் பார்க்கவில்லை.

சுவிசில் தந்தவற்றைக் கேட்டேன். "கடுதாசி பத்திரமாக் கிடக்கடா," என்றாள் அக்கா. "சாமியறையிலை வைச்சிருக்கிறன்." எடுத்து வந்தாள். ஜேர்மன் எழுத்துக்கு மேல் விபூதி அப்பியிருந்தது.

"சீடி?"

அக்கா அத்தானைப் பார்த்தாள். அத்தான் மோட்டரைப் பார்த்தார்.

"அதிலை ஒரு பேரும் இல்லை," என்றார். "ஏதோ நம்பர்தான் எழுதிக் கிடந்தது. பழைய பாட்டுச் சீடியாக்கும் எண்டு நினைச்சன்."

"எங்கை அத்தான்?"

அவர் எண்ணெய்ப் போத்தலால் மேலே காட்டினார்.

கிணற்றுக்கு அந்தப் பக்கம் முந்திரிகைப் பந்தல். மற்ற ஊர்க்காரர் திராட்சை என்பதை நாங்கள் முந்திரிகை என்போம். காய் பழுக்கத் தொடங்கினால் கிளியும் கொண்டைக்குருவியும் அணிலும் விடாது. அதனால் எங்கள் பக்கத்தில் தோட்டக்காரர் யாரும் பழைய சீடியை எறியமாட்டார்கள். நடு ஓட்டைக்குள் தங்கூசி நூலைக் கோத்துப் பந்தலில் தொங்கவிடுவார்கள். காற்றுக்குச் சுழன்று வெளிச்சம் அடிக்கும், குருவி மிரளும். அத்தானின் பந்தலில் நாற்பதுக்கு மேல் தொங்கின. போன பழ காலத்தில் கட்டியது. ஒரு மாரியும் ஒரு கோடையும் பட்டு எல்லாவற்றின் எழுத்தும் வெளிறி, எது எதென்று தெரியாமல் ஒரே வெள்ளியாகச் சுழன்றன.

அந்தப் பந்தலின் கீழ்தான் நான் வரும்போதெல்லாம் கட்டிலைப் போட்டுப் படுப்பேன். அந்த வெளிச்சத் துண்டுகள் முகத்தில் ஓடும்போது கையால் தட்டியிருக்கிறேன், பூச்சி என்று நினைத்து.

"ஒண்டு சொல்லுறன் கேள்," என்றார் அத்தான். "இந்த முறை மேற்கு மூலையிலை ஒரு கிளியும் வரேல்லை. உன்ரை தலை அங்கைதான் தொங்கியிருக்கு."

"வாயை வைச்சுக்கொண்டு சும்மா இருங்கோ," என்றாள் அக்கா. அவள் அழுதுகொண்டிருந்தாள்.

ஏணி வைத்து எல்லாவற்றையும் அறுத்தோம். உரப்பையில் போட்டுக்கொண்டு மூவரும் சந்தியிலுள்ள போட்டோக்கொப்பிக் கடைக்குப் போனோம். கடைக்காரப் பெண்ணிடம் சீடி போடும் பழைய கொம்பியூட்டர் ஒன்று இருந்தது.

"என்னண்ணை, படக்கடை வைக்கப்போறியளோ?" என்றாள் அவள்.

ஒவ்வொன்றாகத் துடைத்துப் போட்டோம். பாதி திறக்கவில்லை. திறந்தவற்றில் யாரோ ஒரு பிள்ளை பெரியவளானதற்குச் செய்த சாமத்திய வீடு. ஒரு தேர்த் திருவிழா. ஆங்கிலப் பாடம். ஒரு செத்த வீடு, அதில் அழுகிறவர்களில் ஒருவரையும் எங்களுக்குத் தெரியாது. வேலிக்கு வேலி கைமாறி வந்த சீடிகள். பிறகு ஒன்று திறந்தது. கொட்டிலுக்கு முன்னால் வாழை கட்டிய ஒரு கலியாணம்.

அக்கா கொஞ்ச நேரம் பார்த்தாள். "உது நாங்களெல்லே."

அத்தான் உரப்பைக்குள் அடுத்த சீடியைத் தேடினார்.

"கசட்டிலையிருந்து காசு குடுத்து மாத்தி வைச்சனான். எங்கடை கலியாணத்தையும் கிளிக்குத்தான் கட்டினனீங்களோ?"

"கிளி பயந்ததுதானே," என்றார் அத்தான்.

கடைக்காரப் பெண் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. நான் முகங்களை எண்ணிக்கொண்டிருந்தேன். குழியில் இருந்தது ஏழு பேர். அம்மா, அப்பா, அக்கா, நான், அத்தான், அத்தானின் தாய், அத்தானின் தமையன். கலியாணம் நடந்தது குழியை விட்டு வெளியே வந்து நெடுநாளைக்குப் பிறகு. ஏழு பேரும் அந்தப் படத்தில் இருந்தோம். அம்மா தட்டம் ஏந்தி நின்றாள். அப்பா கமராவைக் கண்டு முகத்தைத் திருப்பினார். நான் நீளக் காற்சட்டையோடு தண்ணீர்ப் பந்தலடியில் நின்று எதையோ தின்றுகொண்டிருந்தேன். பின்னால் செத்தவர்கள் எப்போது, எந்தக் கட்டிலில், என்ன வருத்தத்தில் செத்தார்கள் என்பதெல்லாம் எங்களுக்குத் தெரியும். தண்ணீர் எடுக்கப் போய்த் திரும்பாதவர் ஒருவரும் இல்லை.

"அக்கா," என்றேன். "குழிக்குள்ளை இருந்து தண்ணிக்குப் போய் ஆரும் வராமல் விட்டவையோ? பக்கத்து வீட்டுக்காரர் ஆரும்?"

"இல்லையடா. எல்லாரும் வந்தவை. ஏன் கேக்கிறாய்?"

சொன்னேன். அவள் முகம் மாறிவிட்டது. படத்தை நிறுத்தச் சொன்னாள்.

என் சீடி கடைசிக்கு முந்தியது. இயந்திரம் நெடுநேரம் உறுமியது. படம் வரவில்லை. நம்பர்கள் மட்டும் வரிசையாக வந்தன.

"இது ஒண்டும் இல்லையண்ணை, வெறும் நம்பர்," என்றாள் கடைக்காரப் பெண்.

"அதுதான் நான்," என்றேன்.

படம் பார்க்கும் டொக்டர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். வெயிலில் மேற்பூச்சு இரண்டு இடத்தில் பொருக்கு விட்டிருந்தது. கம்பியில் உரசிய கீறல்களும் இருந்தன. எங்கே கிடந்தது என்று கேட்டார். சொன்னேன். ஒரு கணம் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு, நடுவிலிருந்து ஓரத்துக்கு நேராக, ஒரு குழந்தையின் கண்ணைத் துடைப்பது போலத் துடைத்தார்.

அன்று பின்னேரம் வரை காத்திருந்தேன். கூப்பிட்டபோது திரையில் இரண்டு தலைகள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன.

"எல்லாம் திறக்கேல்லை. திறந்ததுகளை எடுத்திட்டன். ஆனா இதுக்குள்ளை பதிஞ்சிருக்கிற பேர் உங்கடை இல்லை. நீங்கள் சொன்னதை நான் நம்பிறன். நம்பிக்கையிலை படம் வாசிக்கேலாது. மாறி வேற ஒராளின்ரை சீடியை உங்களுக்குத் தந்திருந்தா?"

அதை நான் யோசித்திருக்கவில்லை. நாற்பது சீடியைக் கைமாற்றும் ஊரிலிருந்து போனவன் நான்.

"நெத்தி எலும்புக்குள்ளை காத்தறை இருக்கு," என்றார். "ஆளுக்காள் வேற மாதிரி இருக்கும், கைரேகை போலை. இது அங்கை எடுத்தது. வலப்பக்கம் மூண்டு மடல், இடப்பக்கம் ஒண்டு, அதுவும் மூளி. இது போன கிழமை இஞ்சை எடுத்தது. எண்ணுங்கோ."

எண்ணினேன். மூன்று. ஒன்று, மூளி.

"நீங்கள் பொய்ப் பேரிலை போயிருக்கிறியள். தலை அதே தலைதான்."

பிறகு நிறங்களைக் கொண்டு வந்தார். மழைத் தண்ணீரில் டீசல் ஊற்றியது போலச் சிவப்பும் மஞ்சளும் பச்சையும் நீலமும் என் மண்டைக்குள் பரவிக் கிடந்தன. ஒரு கதிர் வலக் கன்னத்தின் பக்கமாக உள்ளே வந்து, கட்டியைக் கடந்து, இடப்பக்கத்தில் ஓரிடத்தில் சட்டென்று நின்றது. அதற்கு அங்கால் நிறமே இல்லை. யாரோ கத்தரிக்கோலால் வெட்டியது போல இருந்தது.

வெள்ளை வளையத்தை அதன் மேல் வைத்தார். சரியாக நடுவிலுள்ள துண்டு திறக்கவில்லை. பொருக்கு விட்ட இடத்தில் அது போய்விட்டது. அதற்கு மேல் துண்டும் கீழ்த் துண்டும் இருந்தன. இரண்டிலும் வளையம் அந்த நின்ற கரையில், விளிம்போடு விளிம்பாக இருந்தது.

"கதிர் நிக்கேக்கைதான் கூடத் தாக்கும்," என்றார். "வரைபடத்திலை போட்ட கணக்கைவிடக் கூட. அந்தக் கரையிலைதான் உது இருக்கு. பழைய கட்டி கிடந்த இடத்திலை ஒண்டும் இல்லை." டெலிபோனை எடுத்தார். சத்திரசிகிச்சை டொக்டரோடு நெடுநேரம் கதைத்தார். ஒரு கட்டத்தில், "எனக்கு மூண்டு மாசம் தாங்கோ சேர். வளந்தா நானே உங்களிட்டைக் கொண்டு வாறன்," என்றார்.

வியாழக்கிழமை தள்ளிப் போனது. வீக்கம் வற்ற விழுங்க ஒரு குளிசை, இழுப்புக்கு ஒரு குளிசை.

எழும்பும்போது அவரிடம் அந்த மணத்தைப் பற்றியும் அந்த ஆளைப் பற்றியும் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"வீங்கியிருக்கிற இடம் மணத்துக்கும் பழைய ஞாபகத்துக்கும் உரிய இடம். காயத்தைச் சுத்தி இடைக்கிடை மின் ஒழுக்கு மாதிரி ஒண்டு வரும். அது மணத்தைக் கிளப்பும். அதோடை ஒரு உணர்ச்சியையும் கிளப்பும்."

"மணம் உண்மையான மணம். அந்தக் குழி இருந்தது."

"இருந்திருக்கும்."

"அப்ப அந்த ஆள்?"

"அப்பிடி ஒரு ஆள் இல்லை அண்ணை," என்றார் மெதுவாக.

அந்த மூன்று மாதம் அக்கா வீட்டில் இருந்தேன். குளிசை முகத்தை ஊத வைத்தது. பசி அடங்கவில்லை. அத்தான், "சுவிசிலை இருந்து வந்தவன் இப்பதான் சுவிசிலை இருந்து வந்தவன் மாதிரி இருக்கிறான்," என்றார். முன்பென்றால் அந்த முகத்தோடு பஸ் ஏறியிருப்பேன். இப்போது ஏற முடியாது. இழுப்பு வந்தால் வழியில் விழுவேன். அதைவிட, மூன்று மாதத்துப் படத்தை அதே இயந்திரத்தில், அதே மாதிரி எடுத்தால்தான் ஒப்பிட முடியும் என்று டொக்டர் சொல்லியிருந்தார். என்னை ஓரிடத்தில் கட்டிப் போட்ட முதல் கயிறு அதுதான்.

அக்காவுக்கு டொக்டர் சொன்னது பாதிதான் ஏறியது. காயம், வீக்கம், குளிசை என்பதை ஒத்துக்கொண்டாள். ஆள் இல்லை என்பதை ஒத்துக்கொள்ளவில்லை. எங்களுக்குத் தெரியாமல் யாராவது வழிப்போக்கர் அந்தச் செல்லடிக்குள் ஓடி வந்து குழியில் ஒதுங்கியிருக்கலாம், தண்ணீர் கேட்டிருக்கலாம் என்றாள். "நீ சின்னப் பெடியன். கண்டிருப்பாய். மறந்திருப்பாய்."

என்னைத் தொண்டைமானாற்றுக்குக் கூட்டிக்கொண்டு போனாள், சந்நிதிக் கோயிலுக்கு. அங்கே பூசை செய்பவர் வாயைத் துணியால் கட்டிக்கொண்டுதான் பூசை செய்வார். மந்திரம் இல்லை. அந்தக் கட்டிய வாயைப் பார்த்தபோது எனக்குச் சுவிசில் அந்த அச்சைக் கடித்துக்கொண்டு படுத்திருந்தது நினைவு வந்தது. அக்கா கண்ணை மூடி என்ன கேட்டாளோ தெரியாது. நான் சொற்களைக் கேட்டேன். வெளியே வந்து ஆற்றங்கரையில் நிற்கும்போது மணம் வந்தது. அந்த ஆள் தண்ணீருக்குப் போய்விட்டார். முன்னால் அவ்வளவு தண்ணீர் கிடந்தது.

அன்றிலிருந்து ஒவ்வொரு பின்னேரமும் அக்கா ஒரு செம்பில் தண்ணீர் வைத்தாள், முந்திரிகைக் கொடியின் அடியில். குழி அங்கேதான் இருந்தது. சண்டைக்குப் பிறகு குற்றியை எடுத்து, மண்ணை மூடி, இளகின மண் என்று அத்தான் அதில் முந்திரிகை நட்டார். அதை நான் மறந்திருந்தேன். குழியின் மேல் கட்டிலைப் போட்டு, தலை மேலே தொங்க, இவ்வளவு காலம் படுத்திருக்கிறேன்.

மூன்று மாதம் முடிந்து அதே குழாய்க்குள் போனேன். "ஆடாதேங்கோ," என்றார் இயந்திரக்காரர். ஆடாமல் கிடக்க நான் பழகிவிட்டேன் என்று அவரிடம் சொல்லவில்லை.

டொக்டர் இரண்டு படத்தையும் பக்கத்தில் வைத்தார். வளையம் சுருங்கியிருந்தது. ஊறிய சுவர் காய்ந்திருந்தது.

"கட்டியெண்டா குளிசைக்கு உப்பிடி வத்திக் கொண்டு மூண்டு மாசம் சும்மா இராது," என்றார். "காயம்தான். இப்போதைக்குக் கத்தி வேண்டாம் எண்டு அவரும் சொல்லிட்டார். ஆனா நாலு மாசத்துக்கு ஒருக்கா வரவேணும். வராமல் விட்டியளெண்டா ஆள் விட்டுப் பிடிப்பன்." பிறகு கேட்டார், "மணம் வருதோ?"

"குறைவு."

"அந்த ஆள்?"

"தெரியாது," என்றேன். அது உண்மை.

நாற்பது சீடியையும் அத்தான் திரும்பக் கட்டிவிட்டார், கலியாணச் சீடியைத் தவிர. என்னுடையது டொக்டரின் அலுமாரியில் என் சொந்தப் பெயரில் இருக்கிறது. மேற்கு மூலையில் கிளி வருகிறது என்று அத்தான் இன்றைக்கும் முறைப்பாடு சொல்கிறார்.

கடைசியாக மணம் வந்தது போன மாதம், பந்தலுக்குக் கீழே, பட்டப் பகலில். ஈரச் சாக்கு வந்தது. மண்ணெண்ணெய் வந்தது. நான் வலப்பக்கம் திரும்பினேன். அந்த இடம் குளிர்ந்து கிடந்தது. ஒருவரும் தண்ணீருக்குப் போகவில்லை, ஒருவருக்காகவும் காத்திருக்கவில்லை. விளக்கும் நானும்தான் இருந்தோம். அரை நிமிடம் முடிந்து விளக்கும் போனது. அதற்குப் பிறகு இதுவரை வரவில்லை. அந்த ஆள் இல்லாதவர்தான். ஆனாலும் இவ்வளவு காலம் ஒருவருக்காகத் திரும்பிப் பார்த்த கழுத்துக்கு அது தெரியவில்லை. இப்போதும் வேலையின் நடுவில் வலப்பக்கம் திரும்புகிறது.

அக்காவிடம் நான் இதைச் சொல்லவில்லை. அவள் இன்னும் செம்பு வைக்கிறாள்.

நேற்று அத்தானின் கிணற்றடியில் மோட்டர் வேலை முடித்து வந்தபோது தாகமாக இருந்தது. பின்னேர வெயில். கொடியின் அடியில் செம்பு இருந்தது. குனிந்து எடுத்துக் குடித்தேன். பாதியில் நிமிர்ந்தபோது அக்கா குசினி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். ஏசப்போகிறாள் என்று நினைத்தேன்.

"முழுக்கக் குடி," என்றாள். "குடிச்சிட்டுச் செம்பைக் கொண்டு வா. நாளைக்கும் வேணும்."